தலைக்கு மேல ஒரு ரேடியேற்றர்

திருகோணமலையில் ‘ரேடியேற்றர்’ என்று சொன்னால் எல்லாருக்கும் ஞாபகம் வருவது லொறிதான். கந்தளாய் தாண்டும்போது வண்டியை ஓரங்கட்டி, பழைய துணியால் மூடியைப் பிடித்துத் திருகி, ஆவி பறக்கப் பறக்கத் தண்ணி ஊத்துவார்களே, அந்தச் சாமான். அதனால் போன டிசெம்பரில் லண்டன் சித்தப்பா வீடியோ கோல் எடுத்து, சுவரோரம் நிற்கும் ஒரு கனத்த இரும்புப் பொருளைப் பெருமையாகக் காட்டி, “இதுதான் எங்கட புது ரேடியேற்றர்” என்றபோது வீடே குழம்பிப் போனது. அப்பம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்தா. “லொறிச் சாமானை ஏன்டா தம்பி வீட்டுக்குள்ள வச்சிருக்கிறாய்?”

அது புதுசும் இல்லை. பழைய வீடுகளை இடிக்கும்போது கழற்றும் கதவு, யன்னல், இரும்புச் சாமான்களை விற்கிற இடத்தில் தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி, பெயின்ற் அடித்துக் கொண்டுவந்து பூட்டியிருக்கிறார். கடையில் கிடைக்கும் தட்டையான புது ரகத்தைவிட இதற்குக் காசு கூடவாம். “ஏன் சித்தப்பா இந்தப் பழசு?” என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் அவர் காத்திருந்திருக்கிறார் போல. பத்து நிமிஷம் பேசினார்.

அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவு. இந்த ரேடியேற்றர் வார்ப்பிரும்பு. உள்ளே சுடுதண்ணி ஓடும். இரும்பு தடிப்பானபடியால் சூடேற நேரம் எடுக்கும், ஆனால் ஏறிய சூட்டை லேசில் விடாது. கொதிகலனை நிறுத்திய பிறகும் கன நேரம் அறை கதகதப்பாக இருக்கும். ஃபேன் இல்லை, சத்தம் இல்லை, முகத்தில் அடிக்கிற சூட்டுக் காற்றும் இல்லை. நூறு வருஷம் பழசானாலும் கழுவிப் பூட்டலாம். பள்ளிக்கூடச் சொக்ஸையும் அதுக்கு மேலேயே காயப் போடலாம். பிறகு நானும் தேடிப் பார்த்தேன். 1850களில், சென் பீற்றர்ஸ்பேர்க்கில் இருந்த பிரான்ஸ் சான் கல்லி என்ற வியாபாரிதான் இதைக் கண்டுபிடித்தார் என்று சொல்கிறார்கள். ரஷ்யக் குளிருக்குப் பிறந்த பொருள். தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கி மேலே அனுப்பி, அறையைச் சுழல வைப்பதுதான் அது செய்கிற பெரிய வேலை. கதிர்வீச்சாகப் போகும் சூடு அதைவிடக் குறைவு. பெயர்தான் ரேடியேற்றர்.

சரி, நல்ல சாமான்தான். குளிர் நாட்டில் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிற கனத்த பொருள் ஒன்று வீட்டுக்குள் இருப்பது புத்திசாலித்தனம். சித்தப்பாவோடு எனக்கு அதில் சண்டை இல்லை.

சண்டை ஜனவரியில் வந்தது. குடும்ப வட்ஸ்அப் குழுவில் அதே சித்தப்பா எழுதினார்: “அண்ணை, நான் காசு அனுப்புறன். அம்மாவின்ர ஓட்டைப் பிரிச்சுப்போட்டு கொங்கிறீற் சிலாப் போடுவம். இரண்டு ஏசி பூட்டுவம். இந்தக் காலத்திலயும் ஓட்டு வீடெண்டா ஆக்கள் என்ன நினைப்பினம்?”

லண்டனில் பழசுக்குக் கூடக் காசு கொடுக்கிற மனுசன், திருகோணமலையில் பழசைப் பிரிக்கக் காசு அனுப்புகிறார். இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் குழுவிலும் இப்படி ஒரு செய்தி வந்திருக்கும், அல்லது வரப்போகிறது.

எங்கள் வீடு டச்சுக்குடாவுக்கும் உள்துறைமுகத்துக்கும் நடுவில் இருக்கிற ஒடுங்கலான நிலத்தில், ஒரு சின்ன ஒழுங்கைக்குள் இருக்கிறது. தடிப்பான சுவர், உயர்ந்த முகடு, முன்னால் விறாந்தை, வாசலுக்கு மேலே மரச்சட்டம் அடித்த வெண்டிலேற்றர், நடுவறையில் வெளிச்சத்துக்கு ஒரு கண்ணாடி ஓடு. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு மாதிரிப் பெரிய பரம்பரைப் பெருமை ஒன்றும் இல்லை. துறைமுகத்தில் வேலை செய்த ஒருவர் கட்டிய சாதாரண வீடு.

மே மாதத்தில் இருந்து செப்டெம்பர் வரைக்கும் இந்த ஊரில் இருந்தவர்களுக்குக் கச்சான் என்றால் என்னவென்று தெரியும். சாப்பிடுகிற கச்சானைச் சொல்லவில்லை, காற்று. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து போய், மேற்கில் இருந்து சூடாக வீசுவது. பகலில் வெயில் 34, 35 பாகைக்குப் போகும். உதடு வெடிக்கும். அந்த மாதங்களில் ஒரு நாள், சிலாப் போட்ட வீட்டுக்காரியான என் கூட்டாளி ஒருத்தியின் மொட்டைமாடிக்கு இரவு ஒன்பது மணிக்குப் போனேன். காற்று வரும் என்று போனது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தால் தரை இன்னும் சுடுகிறது. சூரியன் மறைந்து இரண்டரை மணித்தியாலம். கீழே இறங்கி அவளுடைய அறையில் படுத்தோம். ஃபேன் முழு வேகத்தில் சுத்துகிறது, ஆனால் அது கீழே தள்ளுவது முழுக்கச் சூடு. கையை மேலே நீட்டினால் சிலாப்பில் இருந்து இறங்குகிற வெக்கை உள்ளங்கையில் தெரிகிறது. அடுப்புக்குக் கிட்டப் போனது மாதிரி.

அப்போதுதான் எனக்குச் சித்தப்பாவின் ரேடியேற்றர் ஞாபகம் வந்தது. அவர் சொன்ன அதே குணங்கள்தான்: கனமானது, ஆறுதலாகச் சூடேறும், ஏறிய சூட்டை லேசில் விடாது, நிறுத்திய பிறகும் கன நேரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். பகல் முழுக்க வெயிலைக் குடித்த ஐந்து அங்குலக் கொங்கிறீற் அதை நள்ளிரவு வரைக்கும் எங்களுக்குத் திருப்பித் தருகிறது. கொதிகலனும் தேவையில்லை, பில்லும் வராது, நிறுத்துகிற சுவிச்சும் கிடையாது. நாங்கள் தலைக்கு மேலே ஒரு ரேடியேற்றரைக் கட்டிவிட்டு, அதோடு சண்டை பிடிக்க ஏசி வாங்குகிறோம்.

ஓடு இதற்கு நேர் எதிர். நேர்மையாகச் சொல்கிறேன், மத்தியானம் ஒரு மணிக்கு எங்கள் வீடும் வெக்கைதான். சொர்க்கம் ஒன்றும் இல்லை. ஆனால் ஓடு மெல்லியது, சூட்டைச் சேர்த்து வைக்க அதற்கு உடம்பில்லை. வெயில் இறங்கினால் கொஞ்ச நேரத்தில் ஓடும் ஆறிவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஓடுகளுக்கு இடையில் இருக்கிற சின்னச் சின்ன நீக்கல்களால் முகட்டில் சேரும் சூட்டுக் காற்று தானாக வெளியே போகும். முகடு உயரம் என்பதால் அந்தச் சூடு எங்கள் தலையில் இருந்து தூரம். விறாந்தையும் தாவாரமும் சுவரில் வெயில் விழ விடுவதில்லை. இதோடு அப்பம்மாவின் வேலை ஒன்று இருக்கிறது. விடிய ஐந்து மணிக்கு எழும்பி எல்லா யன்னலையும் திறந்து குளிரை உள்ளே விடுவா. ஒன்பது, பத்து மணிக்குக் கச்சான் எழும்ப முன்னம் மேற்குப் பக்கத்தை இறுக்கிச் சாத்துவா. நாலு மணிக்கு விறாந்தைச் சீமெந்தில் தண்ணி தெளிப்பா. கடல் பக்கத்துக் காற்று வந்ததும் கிழக்குப் பக்கத்தைத் திறப்பா. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேல் போகாதவ. பௌதிகம் படித்த என் தம்பி யன்னல் எல்லாத்தையும் மத்தியானம் திறந்து வைத்துவிட்டு “காத்து வரட்டும்” என்கிறான்.

பிரெட்ரிக் கோட்டைக்குள் மத்தியானம் போனால் மான்கள் எங்கே படுக்கின்றன என்று பாருங்கள். கொங்கிறீற் ஓரத்தில் ஒன்றும் படுக்காது. மர நிழலில்தான் படுக்கும். அதே கோட்டைக்குள் இருக்கிற பழைய பங்களாக்களையும் பாருங்கள். வெள்ளைக்காரன் தன் ஊரில் வீட்டுக்கு ரேடியேற்றர் பூட்டினான், இங்கே வந்து அகலமான விறாந்தையும் உயரமான கூரையும் போட்டான். ஊருக்கு ஏற்ற வீடு என்பது அவனுக்கு விளங்கியிருக்கிறது.

ஓடு என்றால் ஏதோ சங்ககாலச் சாமான் என்று நினைக்கவும் வேண்டாம். நாங்கள் ‘கலிகட் ஓடு’ என்று சொல்கிற தட்டையான ஓடு, 1865இல் மங்களூரில் பாசல் மிஷன்காரர் தொடங்கிய தொழிற்சாலையில் இருந்து பரவிய வகை. இயந்திரத்தில் அழுத்திச் செய்தது. அந்தக் காலத்து நவீனம். அதற்கு முந்தியது அரைவட்ட நாட்டோடு, அதற்கும் முந்தியது கிடுகு. அதனால் நான் ‘பாரம்பரியத்தைக் காப்போம்’ என்று கொடி பிடிக்கவில்லை. எது வேலை செய்கிறதோ அதைப் பிரிக்காதீர்கள் என்கிறேன்.

இனி அப்பாவின் பக்கம். அப்பா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. முதலாவது குரங்கு. திருகோணமலையில் ஓட்டு வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் குரங்கோடு ஒரு வழக்கு இருக்கும். கூட்டமாக வந்து கூரையில் ஓடிப்பிடித்து விளையாடிவிட்டுப் போகும், மாரி தொடங்கும்போதுதான் எத்தனை ஓடு உடைந்தது என்று தெரியும். நவம்பரில் எங்கள் நடுவறையில் மூன்று வாளி வைத்திருக்கிறோம், மறைக்கவில்லை. கறையான் சிலாகையைத் தின்னும். நல்ல மரம் வாங்கப் போனால் விலை கேட்டுத் தலை சுத்தும். வெண்டிலேற்றரால் நுளம்பு வரும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு என்ன பாடு படுத்தியது என்று நாங்கள் எல்லாரும் பார்த்தோம், அதை லேசாக எடுக்க ஏலாது. எல்லாத்துக்கும் மேலே புயல். 1964 டிசெம்பர்ப் புயலைப் பற்றி அப்பம்மா இன்னும் கதைப்பா. 2020 டிசெம்பரில் புரெவி எங்கள் மாவட்டக் கரைப்பக்கமாக ஏறிய இரவில் நாங்கள் ஓட்டைப் பார்த்துக்கொண்டு நித்திரை இல்லாமல் இருந்தோம். பக்கத்து சிலாப் வீட்டுக்காரர் குறட்டை விட்டது கேட்டது.

அடுத்தது யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம். அக்காவுக்குக் கல்யாணம் பேச வேண்டும். டவுனுக்குள் காணி இல்லை, மேலேதான் கட்ட முடியும், மேலே கட்ட வேண்டுமென்றால் சிலாப் வேண்டும். சீதனம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் பாவிக்க மாட்டோம். “பிள்ளைக்கு ஒரு மேல்வீடு” என்போம். கூரையைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம்.

ஆனால் அந்த இரண்டு ஏசி இருக்கிறதே, அதை நான் விடமாட்டேன். சாதாரண அறைக்குப் பூட்டுகிற ஏசி ஓடும்போது கிட்டத்தட்ட ஒரு கிலோவாற் இழுக்கும். ஒரு ஃபேன் அதில் பத்தில் ஒரு பங்குகூட இழுக்காது. எங்கள் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது, 180 யுனிட்டைத் தாண்டினால் மேல்படி. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம் கூட்டினார்கள், 2023 பெப்ரவரியில் இன்னுமொரு 66 வீதம். பிறகு குறைத்தார்கள், கூட்டினார்கள், நாளைக்கு என்ன என்று யாருக்கும் தெரியாது. காசு சித்தப்பா அனுப்புவது ஒரு தடவை, பில் வருவது மாதாமாதம் அப்பாவின் பேரில். அதைவிட, 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களை யோசியுங்கள். எங்கள் விறாந்தையில் ஒழுங்கை முழுக்கப் பாய் விரித்துப் படுத்தது. ஏசி பூட்டிய வீட்டுக்காரரும் வந்தார்கள். ஏசிக்காக யன்னலைச் சின்னதாக்கி, வெண்டிலேற்றரைச் சீமெந்தால் அடைத்த வீட்டுக்குள் கரண்ட் இல்லாமல் இருக்க ஏலாது.

இன்னொன்று. இரண்டு ஏசியில் ஒன்று சித்தப்பா வந்தால் படுக்கிற அறைக்கு, மற்றது அப்பாவின் அறைக்கு. அம்மா பகல் முழுக்க நிற்பது குசினியில். சிலாப் போட்டால் குசினிக்கு மேலேயும் சிலாப்தான். இப்போது புகையும் சூடும் ஓட்டு நீக்கலால் போகிறது, பிறகு எதனால் போகும்? வரைபடத்தைப் பார்த்தேன், அதில் புகைக்கு வழி இல்லை. ஏசியின் வெளிப்பெட்டியைப் பூட்டக் குறித்திருக்கிற இடமோ பக்கத்து வீட்டு ஆச்சி பின்நேரம் சாய்மனைக் கதிரை போட்டு இருக்கிற விறாந்தைக்கு நேரே.

கூரை என்பது எங்கள் பக்கத்தில் எப்போதும் வேறு யாரோ முடிவெடுக்கிற விஷயமாகவே இருந்திருக்கிறது. 2006இல் சம்பூரில் இருந்து இடம்பெயர்ந்த சனம் கிளிவெட்டி, கட்டைபறிச்சான் பக்கத்து முகாம்களில் தகரக் கொட்டிலுக்குள் வருஷக்கணக்காக இருந்தது. 2015இல்தான் திரும்பிப் போகத் தொடங்கினார்கள். கச்சான் காலத்தில் தகரத்துக்குக் கீழே ஒரு மத்தியானம் இருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு, வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடு தருகிறோம் என்று ஒரு திட்டம் வந்தது. ஆர்செலர்மிட்டல் நிறுவனத்தின் பொருத்துவீடு, ஒன்று 21 இலட்சம் ரூபா அளவில். இந்த வெயிலுக்கு இது சரிவராது, அதே காசுக்குக் கல்வீடு இரண்டு கட்டலாம் என்று பொறியியலாளர்களும் பொதுமக்களும் 2016இல் எழுந்து கேட்டார்கள். அந்த வாதத்தைப் பேப்பரில் வாசித்துக் கைதட்டியவர்தான் அப்பா.

அஸ்பெஸ்டஸ் சீற் கதை இன்னும் விசேஷம். எந்த வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2018 ஜனவரியில் இருந்து இறக்குமதியை நிறுத்துவதாக எங்கள் அரசாங்கமும் முடிவெடுத்திருந்தது. 2017 டிசெம்பரில், தேயிலைப் பொதிக்குள் வண்டு இருந்தது என்று ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் விற்கிற நாடும் ரஷ்யாதான். கொஞ்ச நாளில் இங்கே அஸ்பெஸ்டஸ் தடை தளர்ந்தது, அங்கே தேயிலை திரும்பவும் போனது. ஒரு வண்டுக்கும் எங்கள் முகட்டுக்கும் இருக்கிற தொடர்பைப் பாருங்கள்.

இதற்கு நடுவில் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் போனால் வெளிநாட்டுக்காரர் காசு கொடுத்துக் கிடுகுக் கூரைக்குக் கீழே படுக்கிறார்கள். ஜெப்ரி பாவா நெளிந்த சீமெந்துச் சீற்றுக்கு மேலே நாட்டோடு அடுக்கிக் கட்டிய வீடுகளைப் பார்க்க உலகத்தில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். மழைக்குச் சீற், வெயிலுக்கு ஓடு. ஒழுகாது, சூடும் குறைவு, குரங்கு ஓட்டை உடைத்தாலும் வாளி வைக்கத் தேவையில்லை. புத்திசாலி மனுசன்.

இதையெல்லாம் வைத்து நான் குழுவில் ஒரு நீளமான வொயிஸ் போட்டேன். “நீ ஆர்ட்ஸ் படிக்கிறனி, உனக்கென்ன கட்டடம் தெரியும்” என்று தம்பி உடனே எழுதினான். அதனால் எங்கள் ஒழுங்கைக்கு வழமையாக வருகிற மேசனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் ஏணி வைத்து ஏறி, வளையையும் தீராந்தியையும் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். “தங்கச்சி, மரம் இரும்பு மாதிரி இருக்கு. இப்ப இப்பிடி மரம் எடுக்கேலாது. சிலாகைதான் கொஞ்சம் மாத்தோணும்.” மேல்வீடு கட்டாயம் வேண்டுமென்றால் பின்பக்கத்து இரண்டு அறைக்கு மட்டும் சிலாப் போடலாம், மேல்வீட்டுக்கு மேலே திரும்பவும் சிலாப் வேண்டாம், ஓட்டுக் கூரையே போடலாம் என்றார். சிலாப்தான் போடுவோம் என்று நின்றால் அதற்கு மேலே இடைவெளி விட்டு இன்னொரு கூரை, அதுவும் இல்லையென்றால் வெள்ளைச் சுண்ணாம்பாவது அடித்து வெயிலைத் திருப்பி அனுப்பலாம். முன்பக்கம் அப்படியே இருக்கட்டும், உடைந்த ஓட்டை மாற்றி, வெண்டிலேற்றருக்கு நுளம்பு வலை அடித்து, புயலுக்குத் தாவார ஓடுகளைக் கம்பியால் கட்டிவிட்டால் போதும். பின்பக்கத்து வேம்பை மட்டும் தறிக்காதேங்கோ என்று தானாகவே சொன்னார். செலவையும் ஒரு சிகரெற் பெட்டி மட்டையில் எழுதித் தந்தார். சித்தப்பாவின் கணக்கில் பாதிகூட இல்லை.

அப்பம்மா இந்தக் கூட்டம் எதிலும் வாய் திறக்கவில்லை. மேசன் போன பிறகு மட்டும் கேட்டா: “ஓட்டைப் பிரிச்சா மழை பெய்யிறது எனக்கு எப்பிடிக் கேக்கும்?”

அந்த மட்டையைப் படம் எடுத்து, சித்தப்பாவின் ரேடியேற்றர் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, “இது உங்கட பழசு, இது எங்கட பழசு” என்று எழுதிக் குழுவில் போட்டிருக்கிறேன். நேற்று இரவு பார்த்திருக்கிறார், நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. அக்கா மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள்: “மேல்வீட்டுக்கும் ஓடு எண்டா எனக்கு ஓகே. ஆனா குரங்குக்கு நீதான் பொறுப்பு.”